தூக்கத்தில் நிற்கும் மூச்சு: ரிப்போர்ட்டைப் படிப்பதும் சிகிச்சையைத் தொடங்குவதும்

(மறையூரில் நடைபெற்ற நமது உறுப்பினர்களின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத வெளியூர் உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே பிரசுரிக்கப்படுகிறது.)



பாலக்காடு, கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர், மும்பை என்று பல ஊர்களிலிருந்து இந்த மலைக்கு வந்திருக்கிறீர்கள். காலையில் கோவில்கடவில் தென்காசிநாதர் தரிசனம் ஆயிற்று. மறையூர் வெல்லம் போட்ட பாயசத்தோடு சாப்பாடும் ஆயிற்று. இப்போது, சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். நடுவில் யாராவது கண்ணயர்ந்தால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் குறட்டை விட்டால் பெயரைக் குறித்துக்கொள்வேன்!

நான் டாக்டர் இல்லை. பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கி, அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ரிடையர் ஆனவன். கடந்த ஆறு வருஷமாக ‘ஸ்லீப் ஆப்னியா’ என்கிற உறக்க மூச்சுத்தடைக்கு சிகிச்சை எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆகவே உங்களுக்கு சிகிச்சை சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. ஒரு ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, டாக்டரிடம் என்ன கேட்பது, மெஷின் வீட்டுக்கு வந்தால் எப்படிப் பழகிக்கொள்வது என்று மட்டும் சொல்லலாம். என் பேச்சின் சாரம் இரண்டு வரிதான். ரிப்போர்ட்டின் முதல் எண்ணை மட்டும் பார்த்து நோயை எடை போடாதீர்கள். சிகிச்சை தொடங்கினால் முதல் ஒரு மாதத்தில் அதைக் கைவிடாதீர்கள்.

குறட்டை சிரிப்புக்கு உரியதா?

நம் வீடுகளில் குறட்டை என்றால் கேலிதான். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே ஹாலில் படுத்தால் மறுநாள் காலைக் காப்பிக்கு அதுதான் பேச்சு. பாடகரும் இசையமைப்பாளருமான பப்பி லாஹிரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் தம் 69-வது வயதில் காலமானபோது, அவருக்கு சிகிச்சை அளித்த மருத்துவர்கள் இந்த உறக்க மூச்சுத்தடையைக் காரணமாகக் குறிப்பிட்டார்கள். நம்மில் பலர் இந்தப் பெயரைப் பத்திரிகையில் பார்த்தது அப்போதுதான்.

‘ஆப்னியா’ என்பது கிரேக்கச் சொல். மூச்சு இல்லாமை என்று அர்த்தம். தொண்டையின் மேல்பகுதியில் எலும்பு கிடையாது. தசைகள்தான் அந்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கும்போது தசைகள் தளர்கின்றன. இளநீர்க் கடையில் இப்போது காகிதக் குழல் தருகிறார்கள். அது நனைந்து ஊறியபின் பலமாக உறிஞ்சினால் என்ன ஆகும்? சுவர் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். தொண்டையிலும் அதேதான் நடக்கிறது. நெஞ்சு உறிஞ்சுகிறது, குழாய் ஒட்டிக்கொள்கிறது, காற்று வரவில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. மூளை அபாய மணி அடித்து ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. ஒரு பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்புகிறது. உடனே மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. தூங்குகிறவருக்குக் காலையில் எதுவும் நினைவிருக்காது.

இது அடைப்பினால் வரும் வகை. பெரும்பாலோருக்கு இருப்பது இதுதான். மூச்சு விடு என்ற உத்தரவை மூளையே சில விநாடி அனுப்பாமல் இருப்பது வேறு வகை. அதை ‘சென்ட்ரல்’ என்கிறார்கள். இரண்டும் கலந்தும் வரலாம்.

இது அபூர்வமான வியாதியும் இல்லை. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளை தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் தொகுத்து 2023-ல் வெளியிட்டார்கள். வயது வந்தவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு அடைப்பு வகை இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ‘பருமனானவர்களுக்குத்தானே வரும்’ என்று ஒல்லியானவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டாம். தாடை சற்று உள்வாங்கியிருந்தால், தொண்டை குறுகலாக இருந்தால், சுத்த சைவ உணவும் ஒல்லி உடம்பும் காப்பாற்றாது.

யார் பரிசோதிக்க வேண்டும்?

டொரான்டோ நகரில் மயக்க மருந்து நிபுணர்கள், ஆபரேஷனுக்கு வருகிறவர்களைச் சல்லடை போடுவதற்காக 2008-ல் எட்டுக் கேள்விகளை வகுத்தார்கள். ‘ஸ்டாப் பேங்’ என்று பெயர். பலத்த குறட்டை உண்டா? பகலில் அசதியா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? ரத்த அழுத்தம் உண்டா? உடல் பருமன், ஐம்பதைத் தாண்டிய வயது, தடித்த கழுத்து, ஆண் என்பவை மற்ற நான்கு. மூன்று அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ என்றால் டாக்டரிடம் பேசுவது நல்லது.

இன்னொன்று, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டாக்டர் மரே ஜான்ஸ் 1991-ல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல். படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, வண்டியில் ஒரு மணி நேரம் பயணிக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது என எட்டுச் சந்தர்ப்பங்களில் தூங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24-ல் 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது. ‘வயசாச்சு, அதான் உட்கார்ந்த இடத்திலே தூங்கிப் போறேன்’ என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

குறட்டை தவிர வேறு அடையாளங்களும் உண்டு. காலையில் தலைவலி, வாய் வறட்சி, ஞாபகக் குறைவு, மூன்று மாத்திரை போட்டும் இறங்காத ரத்த அழுத்தம். ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதை ஆண்கள் ப்ராஸ்டேட் என்றும், பெண்கள் சர்க்கரை என்றும் முடிவு கட்டிவிடுகிறோம். அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் நீரை வெளியேற்றுகிறது. ஆகவே அந்த எழுந்திருத்தலுக்கு மூச்சுத்தடையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் படுத்திருக்கும் மாமிதான் மாமாவுக்கு முதல் டாக்டர். ‘நடுவிலே சத்தமே நின்னுடறது, அப்புறம் திடுக்குனு ஆரம்பிக்கறது’ என்று அவர் சொல்வதுதான் முதல் சாட்சியம். ஆனால் மாமிக்கு இருந்தால் யார் சொல்வது? மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடுகிறது. அவர்களிடம் பெரிய குறட்டை இல்லாமல் களைப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று வேறு வேஷத்தில் வரும். கணவர் காலமாகி, பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தனியாக ஃபிளாட்டில் தூங்கும் மாமிகள் நம் சங்கத்தில் எத்தனை பேர்! அவர்கள் மூச்சு நிற்பதைக் கேட்க அந்த வீட்டில் யாரும் இல்லை. ‘தூக்கம் வரலை’ என்று சொன்னால் மாத்திரைதான் கிடைக்கிறது. சில வகைத் தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். ஊருக்கு வரும் மகனோ மகளோ இரண்டு ராத்திரி அம்மாவின் அறையிலேயே படுத்துப் பாருங்கள். ஷாப்பிங் போவதைவிட அது முக்கியம்.

எந்தப் பரிசோதனை?

முழுப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். மூளை அலைகள், கண் அசைவு, இதயத் துடிப்பு, மூச்சு, நெஞ்சு வயிறு அசைவு, ஆக்ஸிஜன் எல்லாம் பதிவாகும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிலையத்தில் உறக்கக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எங்கள் மறையூர்க்காரர்கள் உடுமலை வழியாகக் கோயம்புத்தூருக்கு இறங்குவோம், அல்லது மூணாறு வழியாகக் கொச்சிக்குப் போவோம்.

வீட்டிலேயே செய்யும் பரிசோதனையும் உண்டு. ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து, மூக்கில் குழாய், நெஞ்சில் பட்டை, விரலில் கிளிப் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். செலவும் அலைச்சலும் குறைவு. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக் கருவிகளில் பலவற்றில் மூளை அலை கிடையாது. ஆகவே நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. கருவி ஓடிய நேரத்தால் வகுத்துவிடும். எட்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்றால், வகுக்கும் எண் பெரிதாகி விடை சிறிதாகிவிடும். அடையாளங்கள் எல்லாம் இருந்தும் வீட்டுப் பரிசோதனையில் ‘நார்மல்’ என்று வந்தால் அதோடு விடாமல், முழுப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

ரிப்போர்ட் என்கிற ஃபைல்

ஆபீஸில் ஃபைல் வந்தால் மேலே குறிப்பு இருக்கும், அடியில் இணைப்புகள் இருக்கும். குறிப்பை மட்டும் படித்துக் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு நாள் மாட்டிக்கொள்வார். உறக்க ரிப்போர்ட்டும் அப்படித்தான்.

குறிப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது ஏ.எச்.ஐ. என்ற எண். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு ஏறக்குறைய முழுதும் நின்றால் அது ஆப்னியா. காற்று 30 சதவீதமாவது குறைந்து, அதோடு ஆக்ஸிஜன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ அது ஹைப்பாப்னியா. இரண்டையும் கூட்டித் தூங்கிய மணிகளால் வகுத்தால் ஏ.எச்.ஐ. கிடைக்கும். 5-க்குக் கீழே நார்மல். 5 முதல் 15 வரை லேசு. 15 முதல் 30 வரை மிதம். 30-க்கு மேல் கடுமை. எண் 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரத் தூக்கத்தில் 224 தடவை. ஒவ்வொன்றும் சராசரி 20 விநாடி என்றால் மொத்தம் 75 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ராத்திரியில் ஒண்ணேகால் மணி நேரம் சரியான மூச்சு இல்லை!

இப்போது இணைப்புகளுக்கு வருவோம்.

முதலாவது, மிகக் குறைந்த ஆக்ஸிஜன் அளவும், 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நிமிஷம் இருந்தது என்பதும். என் பார்வையில் இது ஏ.எச்.ஐ.க்குச் சமமான முக்கியம். பத்து விநாடி நின்றதும் ஒரு கணக்கு, ஐம்பது விநாடி நின்றதும் ஒரு கணக்கு என்றுதான் ஏ.எச்.ஐ. எண்ணும். நின்ற நேரமும் ஆக்ஸிஜன் இறங்கிய ஆழமும் அந்த எண்ணில் தெரியாது.

இரண்டாவது, மல்லாந்து படுத்தபோது எவ்வளவு, ஒருக்களித்தபோது எவ்வளவு என்பது. சிலருக்கு மல்லாந்தால் 40, ஒருக்களித்தால் 6 என்று இருக்கும். அவர்களுக்குப் படுக்கும் விதமே சிகிச்சையில் ஒரு பங்கு.

மூன்றாவது, கனவுத் தூக்கத்தில் எவ்வளவு என்பது. கனவு காணும் நேரத்தில் தசைகள் மிகவும் தளர்கின்றன. மொத்த எண் லேசாக இருந்தும் கனவு நேரத்தில் மட்டும் கடுமையாக இருக்கலாம். பெண்களிடம் இது அதிகம்.

நான்காவது, அடைப்பு எத்தனை, சென்ட்ரல் எத்தனை என்ற பிரிவு. சென்ட்ரல் அதிகம் என்றால் இதயத்தையும், சாப்பிடும் மருந்துகளையும் டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும்.

ஐந்தாவது, அன்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மல்லாந்து படுத்தீர்களா என்பது. புது இடத்தில் மூன்று மணி நேரம் புரண்டு படுத்த ராத்திரியின் ரிப்போர்ட், அரைகுறை சாட்சியம்தான்.

ஹைப்பாப்னியாவை எண்ணுவதில் இரண்டு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று ஆக்ஸிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ மூளை விழித்தாலோ போதும் என்கிறது. இன்னொன்று 4 சதவீதம் இறங்க வேண்டும் என்கிறது. ஆகவே ஒரே ராத்திரியைக் கோயம்புத்தூரில் ஒரு விதமாகவும் அமெரிக்காவில் வேறு விதமாகவும் எண்ணி, வேறு வேறு விடை வரலாம். அப்பாவும் பிள்ளையும் ஃபோனில் எண்களை ஒப்பிட்டுச் சண்டை போடுமுன், எந்த விதிப்படி எண்ணினார்கள் என்று ரிப்போர்ட்டின் அடியில் பாருங்கள்.

மலைவாசிகளுக்கு ஒரு குறிப்பு. மறையூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். இங்கே வீட்டுப் பரிசோதனை செய்தால் ஆக்ஸிஜன் அளவு சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகத் தொடங்கலாம். பரிசோதனை எங்கே நடந்தது என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன்? என் ஷட்டகர் ஒருவருக்கு ஏ.எச்.ஐ. 22 என்று வந்தது. ‘மிதம்’ என்ற வார்த்தையைப் பார்த்தார். ‘மிதம்னா மிதமாத்தானே இருக்கு’ என்று ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஒன்றரை வருஷம் அது அங்கேயே இருந்தது. ஒரு நாள் மூணாறிலிருந்து காரை ஓட்டி வரும்போது, நல்ல பகல் வேளையில், ஒரு வளைவில் கண் மூடிவிட்டது. கார் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்துத் தேயிலை மேட்டில் மோதி நின்றதால் அவரும் என் மைத்துனியும் பிழைத்தார்கள். பிறகு அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். மிகக் குறைந்த ஆக்ஸிஜன் 71 சதவீதம். 90-க்குக் கீழே 48 நிமிஷம். எல்லாம் இரண்டாம் பக்கத்தில் அச்சாகி இருந்தது. எப்வொர்த் கணக்குப் போட்டால் 17. இதே 22 என்ற எண்ணோடு, ஆக்ஸிஜன் 88-க்குக் கீழே போகாத, பகலில் தூக்கமே வராத இன்னொருவரும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் ரிப்போர்ட்டில் ஒரே வார்த்தை, ‘மிதம்’. இரண்டு பேருக்கும் ஒரே அவசரம் இல்லை. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

பகலில் தூக்கம் அமுக்குகிறது என்றால், சிகிச்சை நிலைப்படும் வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். மலைப் பாதையில் நிச்சயமாக வேண்டாம்.

சிகிச்சை: காற்றே தூண்

சி-பாப் என்ற முறையை ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் 1980-ல் முதல் நோயாளிக்குச் செய்து பார்த்து, 1981-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டார். வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத் தொடங்கிய வேலை. அதற்கு முன் கடுமையானவர்களுக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழியாக இருந்தது.

தத்துவம் எளிது. மூக்கு வழியாகக் கொஞ்சம் அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினால், அந்தக் காற்றே தூண் போல நின்று தொண்டையைத் திறந்து வைக்கும். இது ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லை. அறையில் உள்ள அதே காற்றுதான். ‘அழுத்தம்’ என்றதும் சிலர் பயப்படுகிறார்கள். சாதாரணமாக வைப்பது 10 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம். வாயுமண்டல அழுத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்கு. கடற்கரையிலிருந்து மறையூருக்கு ஏறி வருவதற்குள் நாம் இழந்த அழுத்தமே 100 சென்டிமீட்டருக்கு மேல்! அதைத் தாங்கிய உடம்பு இதையும் தாங்கும்.

மெஷின் எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டாம். லேசான நிலையில், தொந்தரவு இல்லாதவர்களுக்கு எடைக் குறைப்பு, ஒருக்களித்துப் படுத்தல், மூக்கடைப்புக்கு வைத்தியம் போதும் என்று டாக்டர் சொல்லலாம். உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறையும் என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் ஆய்வு மதிப்பிட்டது. கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பல் கருவியை இதில் பயிற்சி உள்ள பல் டாக்டர் செய்து தருவார். அதற்குச் சொந்தப் பற்கள் போதுமான அளவு இருக்க வேண்டும். பருமனோடு சேர்ந்த மிதமான, கடுமையான நிலைக்கு ‘டிர்ஸெபடைட்’ ஊசியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. நம் வயதில் அதன் நன்மை தீமைகளை டாக்டர்தான் எடை போட வேண்டும்.

பிராணாயாமம் செய்தால் போகுமா என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். ஜெய்ப்பூரில் 30 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2025-ல் வெளியாயிற்று. ஒரு பகுதியினர் தினம் 15 நிமிஷமாவது, வாரத்தில் ஐந்து நாள், ஆறு மாதம் சங்கு ஊதினார்கள். மற்றவர்கள் ஆழ்ந்து மூச்சு விடும் பயிற்சி செய்தார்கள். சங்கு ஊதியவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, ஏ.எச்.ஐ. மணிக்கு நான்கைந்து குறைந்தது. நம் பூஜையறைச் சங்குக்குப் பெருமைதான். ஆனால் சின்ன ஆய்வு. 32 உள்ளவருக்கு நான்கைந்து குறைந்தால் 27 மிச்சம் இருக்கிறது. சங்கையும் ஊதுங்கள், மெஷினையும் மாட்டுங்கள்.

முதல் முப்பது நாள்

வாங்கிய மெஷின் பரணுக்குப் போவது பெரும்பாலும் முதல் மாதத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்கிறேன்.

முடிந்தால் முதலில் வாடகைக்கு எடுங்கள். பெரிய நகரங்களில் கிடைக்கிறது. மெஷினைவிட மாஸ்க் முக்கியம். மூக்குத் துளையில் மட்டும் பொருந்துவது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என்று மூன்று ரகம். உட்கார்ந்தபடி அளவு பார்க்காமல், படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போது அளவு பாருங்கள். பல் செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறவர்கள் கழற்றிவிட்டே அளவு பார்க்க வேண்டும்; முக அமைப்பு மாறிவிடும். காற்று கசிகிறது என்று பட்டையை இறுக்கிக்கொண்டே போனால் மூக்குத்தண்டு புண்ணாகும். வேறு அளவு மாஸ்க் கேளுங்கள்.

முதல் வாரம் பகலிலேயே, பேப்பர் படிக்கும்போது அரைமணி நேரம் மாட்டிப் பழகுங்கள். முதலில் மாஸ்க் மட்டும், பிறகு காற்றோடு. ராத்திரியில் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏறும் வசதி மெஷினில் உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் கழற்றிவிட்டால் பரவாயில்லை; விழிப்பு வந்ததும் திரும்ப மாட்டுங்கள். அதிகாலை நேரத்தில்தான் கனவுத் தூக்கம் அதிகம். பாதி ராத்திரியில் கழற்றி வைப்பவர் அந்த நேரத்தில் பாதுகாப்பு இல்லாமல் தூங்குகிறார்.

வாய் காய்ந்தால் வாய் வழியாகக் காற்று போகிறது என்று அர்த்தம். தாடைப் பட்டை அல்லது முழு மாஸ்க் பற்றிக் கேளுங்கள். மூக்கு காய்ந்தால் ஈரப்பதம் தரும் தொட்டியை உபயோகியுங்கள். காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, தினமும் மாற்றுங்கள். எங்கள் ஊரில் மார்கழி, தை மாதக் குளிரில் அந்த ஈரம் குழாய்க்குள் துளியாகி முகத்தில் தெறிக்கும். குழாயைக் கம்பளித் துணியால் சுற்றி, மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வைத்தால் சரியாகிவிடும். மாஸ்க்கை மிருதுவான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே சகஜம். இன்வெர்ட்டர் இணைப்பைப் படுக்கையறைக்கும் கொடுத்து வைத்திருக்கிறேன்.

மாத முடிவில் மூன்று எண்களைப் பாருங்கள். மெஷினிலேயே இருக்கும். ராத்திரிக்கு எத்தனை மணி நேரம் உபயோகம், கசிவு எவ்வளவு, மெஷின் போட்டபின் மிச்சமிருக்கும் ஏ.எச்.ஐ. எவ்வளவு. மிச்சம் பொதுவாக 5-க்குள் இருக்க வேண்டும். எப்வொர்த் கணக்கையும் மறுபடி போட்டு, இரண்டையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

மணிக்கணக்கு ஏன் முக்கியம்? இந்தியா உட்பட ஏழு நாடுகளில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரை வைத்து நடந்த ‘சேவ்’ என்ற பெரிய ஆய்வு 2016-ல் வெளியாயிற்று. சி-பாப் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறையவில்லை என்பது அதன் முடிவு. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஆய்வில் அவர்கள் மெஷினை உபயோகித்தது சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். ஆனால் அவர்களுக்கும் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. ஆகவே ‘மெஷின் போட்டால் ஹார்ட் அட்டாக்கே வராது’ என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். பகலில் விழிப்பாக இருப்பது, ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குவது, வண்டி ஓட்டும்போது கண் மூடாமல் இருப்பது, பக்கத்தில் படுத்திருப்பவர் பயப்படாமல் தூங்குவது என்ற பலன்களுக்கு மாட்டுங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

கேட்கப்பட்ட கேள்விகளுக்குச் சுருக்கமாக

பிள்ளை அமெரிக்காவிலிருந்து பழைய மெஷின் கொண்டு வருகிறான், போட்டுக்கொள்ளலாமா? அழுத்தம் உங்களுக்கென்று டாக்டர் நிர்ணயிக்க வேண்டும். தவிர, 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி, உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சு சிதைவதாகச் சொல்லி லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற அறிவித்தது. பழைய மெஷின் என்றால் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று சீரியல் நம்பரைப் பார்க்க வேண்டும்.

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா? சி.ஜி.எச்.எஸ். உறுப்பினர்களுக்கு, நிபுணர் சிபாரிசும் முன் அனுமதியும் இருந்தால், ஒரு உச்சவரம்புக்குள் கிடைக்கும். வாங்கிவிட்டுப் பிறகு மனுப் போடாதீர்கள். முதலில் அனுமதி, பிறகு பில். இது என் ஆபீஸ் அனுபவம் பேசுகிறது!

முழங்கால் ஆபரேஷனுக்குப் போகிறேன், சொல்ல வேண்டுமா? கட்டாயம். மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். மெஷினையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் மூச்சுத்தடையைக் கூட்டக்கூடியவை.

பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரை போகலாமா? அவை 3,000 மீட்டருக்கு மேல் உள்ள இடங்கள். அந்த உயரத்தில் எல்லோருக்குமே தூக்கத்தில் மூச்சு தாறுமாறாகலாம். புறப்படுமுன் டாக்டரைப் பாருங்கள். விமானத்தில் மெஷினைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், லக்கேஜில் போடாதீர்கள்.

மாஸ்க் மாட்டிக்கொண்டு படுக்க வெட்கமாக இருக்கிறது என்று ஒரு மாமா எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படுகிறோமா? காதுக் கருவிக்கு ஆரம்பத்தில் வெட்கப்பட்டோம், பிறகு பழகிவிட்டது. இதை இருட்டில் மாட்டிக்கொள்கிறோம். பார்ப்பவர் ஒருவர்தான், அவர் உங்களைப் பார்த்து இனிமேல் சிரிக்கப் போவதில்லை.

அன்பர்களே, இந்த உரை நம் இதழில் அச்சாகிப் பல ஊர்களுக்குப் போகும் என்று செயலாளர் சொன்னார். படிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு உறக்க ரிப்போர்ட் தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்புங்கள். பரணில் ஒரு மெஷின் இருந்தால் இறக்குங்கள். தனியாக இருக்கும் மாமி யாராவது ‘எப்பவும் அசதியா இருக்கு’ என்றால் அந்த எட்டுக் கேள்விகளைக் கேளுங்கள். அடுத்த இதழ் கைக்கு வருவதற்குள் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்துவிடுங்கள்.